மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

வலது கை தன்னுடையது என்ற உணர்வு போய் அரைமணி நேரம் ஆகியிருக்கும். தோளிலிருந்து விரல்நுனிவரை மரத்துக் கிடந்தது. எடுக்க முடியாது. எடுத்தால் பாப்பாவின் தலை பாயில் இறங்கும், இறங்கினால் கண் திறக்கும், கண் திறந்தால் உதடு பிதுங்கும், பிதுங்கிய பிறகு வருகிற கத்தலில் ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் மாமியார் ராஜாமணி எழுந்து வந்து அறை வாசலில் நின்று, "என்னா மாப்ள, நசுக்கிட்டீங்களா?" என்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். ஐந்து வாரமாகக் கேட்கிறாள். அதற்குத் தானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிச் சொல்லித் தணிகைவேலுக்குத் தாடை வலிக்கிறது. கார்த் தகடு அழுத்துகிற நூற்றைம்பது டன் பிரஸ்ஸின் வாய்க்குள் தலையை விட்டு அச்சு மாட்டுகிறவன் அவன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நகக்கண்கூடச் சேதாரம் இல்லை. அவனைப் பார்த்து நசுக்கிட்டீங்களா. பாப்பாவுக்கு மூன்றரை மாதம். மூச்சு விடும்போது அவளுடைய மேலுதடு ஒரு நூல் அளவு தூக்கி இறங்கியது. அவன் அதை எண்ணிக்கொண்டிருந்தான், எண்ணுகிறோம் என்று தெரியாமலே, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. இரண்டு மணி வெயிலை ஜன்னலில் இரண்டு துணிகள் தடுத்து வைத்திருந்தன. ஒன்று கடையில் வாங்கிய திரை, மற்றது மனைவி சுகந்தியின் பழைய புடவை. இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன் வீட்டில் இருட்டைக்கூடத் தைத்துத்தான் மாட்டவேண்டியிருக்கிறது. பின் தெருவில் யாரோ டைல்ஸ் அறுத்தார்கள், நிறுத்தினார்கள், மறுபடி அறுத்தார்கள். ஓசூரில் வீடு கட்டி முடிக்கிறவன் எவனுமே இல்லையா. அறுக்கிற சத்தத்துக்கு அசையாத பாப்பா அவன் கையை எடுத்தால் மட்டும் விழித்துக்கொள்கிறாள். அதில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை. மரத்த கையோடு பெருமையும் சேர்ந்து கனத்தது.

படுக்கை தரையில்தான். விழுவதற்கு உயரமே இல்லை. கோரைப்பாய், அதன்மேல் மடிப்பில்லாமல் ஒரு பருத்தி விரிப்பு, அவ்வளவுதான். தலையணை பாப்பாவுக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. சிகரெட் கல்யாணத்துக்கு முன்பே போயிற்று, குடி எப்போதும் கிடையாது. விரிப்பின் நடுவே தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை இரண்டு அங்குல அகலத்துக்கு மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறான். பிரஸ் ஷாப்பில் ஆள் நடக்கிற வழிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே தரையில் ஒட்டுகிற அதே நாடா. அந்தப் பக்கம் பாப்பா, இந்தப் பக்கம் அப்பன். கை மட்டும் தாண்டலாம் என்று பிறகு ஒரு விதி சேர்த்தான், ஏனென்றால் அவள் பாயில் தலை வைக்க மறுத்துவிட்டாள். முதல் நாள் அதைப் பார்த்துச் சுகந்தி சிரித்த சிரிப்பில் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த பாப்பாவுக்கு விக்கல் வந்துவிட்டது. "தூக்கத்துல கோட்ட யாருங்க பாக்கறது?" என்றாள் சுகந்தி. அதை அவன் யோசிக்கவே இல்லை. விழித்திருக்கிறவனுக்குப் போடுகிற கோட்டைத் தூங்குகிறவனுக்குப் போட்ட முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். ஆனாலும் பிய்த்து எடுக்கவில்லை. எடுத்தால் மாமியார் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். ஹாலில் ஒரு தொட்டில் கட்டில் இருக்கிறது, நான்கு பக்கமும் கம்பி வைத்தது, அயர்லாந்தில் இருக்கிற மைத்துனன் வாங்கி அனுப்பியது. அங்கே நர்ஸ் வீட்டுக்கே வந்து குழந்தை எங்கே தூங்குகிறது என்று கேட்பாளாம். இங்கே அந்தக் கட்டிலில் பாப்பாவைப் போட்டால் நாற்பது நிமிஷம் கத்துகிறாள். அதனால் பகலில் அதில் துவைத்து மடித்த துணி தூங்குகிறது. இரவில் சுகந்தி அவளை அதில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, காலையில் பள்ளிக்கூடம் போகும்போது கண் இரண்டும் குழிக்குள் போயிருக்கிறது. ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறாள். மூன்று மாதம்தான் லீவு கொடுத்தார்கள்.

நாளைக்குச் சனிக்கிழமை. அதை நினைத்ததும் மூச்சு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. போன சனிக்கிழமை தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார், பாப்பா எங்க தூங்கும் என்று. டாக்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு படம். நீலக்கண் குழந்தை ஒன்று கம்பிக் கட்டிலில் தன்னந்தனியாக மல்லாந்து கிடக்கிறது. தலையணை இல்லை, போர்வை இல்லை, பொம்மை இல்லை, அப்பன் இல்லை. தணிகை உண்மையைச் சொன்னான். காலையில் ஏழு மணிக்கு வருகிறேன், பத்து மணிக்குக் குழந்தையோடு படுக்கிறேன், மூன்று மணிவரை இருவரும் தூங்குவோம் என்றான். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். ஒரே அறையில் வையுங்கள், ஒரே படுக்கையில் வேண்டாம், அதுவும் நைட் ஷிப்ட் முடித்து அசந்து வருகிற ஆள் பக்கத்தில் வேண்டவே வேண்டாம் என்றார். மாமியார் முகத்தில் தீபாவளி. கிரைப் வாட்டரிலிருந்து வசம்பு வளையல்வரை டாக்டர் சொன்ன எதையும் ஒத்துக்கொள்ளாதவள் இந்த ஒன்றில் மட்டும் அவரோடு கைகோத்துக்கொண்டாள். அதிலும் அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டாளா என்றால் அதுவும் இல்லை. அவள் மூன்று பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டு வளர்த்தவள். "பொம்பளைக்குத் தூக்கத்துலயும் ஒரு காது முழிச்சிக்கினு இருக்கும் மாப்ள. ஆம்பள தூங்கினா மரக்கட்ட. கொழந்தைய ஹாலுக்குக் குடுங்க" என்றாள், ஆட்டோவில் வரும்போது, டிரைவருக்கும் கேட்கிற மாதிரி. அப்போதுதான் அவன் கத்தினான். "அஞ்சு வாரமா படுக்கறோம், ஏதாவது ஆச்சா? ஒண்ணு ஆச்சா?" சுகந்தி அவன் பக்கம் நின்றாள். நின்றது மட்டும் இல்லை, புதன்கிழமை ராத்திரி அம்மாவிடம் சத்தியமே பண்ணியிருக்கிறாள், அப்படி ஒன்று நடந்திருந்தால் அவரே வந்து சொல்லியிருப்பார், அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று. நாளைக்கு எடை பார்க்கப் போகும்போது டாக்டரிடமும் அதையே சொல்லப்போகிறாள். புதன்கிழமை. அதற்கு முந்தின நாள் செவ்வாய். வேண்டாம், செவ்வாய் வேண்டாம். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

ஆம்பளை என்றால் மரக்கட்டை, சரி. மரக்கட்டைக்குப் பிள்ளை எதற்கு? இரவு ஒன்பதரைக்குக் கம்பெனி பஸ் வரும்போது பாப்பா தூங்கியிருப்பாள். காலையில் வரும்போது அவள் பாட்டி மடியில் எண்ணெய் பூசிக்கொண்டிருப்பாள். குளியல், சாம்பிராணி, பால் எல்லாம் பெண்கள் காரியம், அவன் துண்டு எடுத்துக் கொடுக்கலாம். பத்து மணிக்குப் பாயில் போட்டதும் அவள் தலையைத் திருப்பி அவனைத் தேடுகிறாளே, பனியனைப் பிடித்து வாயில் வைத்து ஈரமாக்கிவிட்டுப் பெரிதாக ஒரு பெருமூச்சு விடுகிறாளே, அது ஒன்றுதான் அவனுக்கென்று இருக்கிறது. நாளைக்கு அதையும் எழுதி வாங்கிக்கொண்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குத் தூக்கிப் போகிற ஆள் என்று ஆகிவிடுவான். அவன் அப்பா அப்படித்தான் இருந்தார். தூங்குகிற அப்பாவின் பக்கத்தில் அவன் ஒரு நாளும் படுத்ததில்லை, அவர் தூங்கினால் வீடே விரல்நுனியில் நடக்கும், அவர் வாசனை என்ன என்று இன்றைக்குக் கேட்டால் அவனுக்குத் தெரியாது. பாப்பாவுக்குத் தெரியும். கட்டிங் ஆயிலும் லைஃப்பாய் சோப்பும் என்று அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆறு வருஷமாக நைட் ஷிப்ட். பகலில் மூன்று மணி நேரத்துக்குமேல் தூங்கியதே கிடையாது. இவள் பக்கத்தில் வந்த பிறகு ஐந்து மணி நேரம், கனவுகூட இல்லாமல் தூங்கினான். ஐந்து மணி நேரம், மரக்கட்டையாக. மாமியார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாளோ. இந்த இடத்துக்கு வந்தால் மனம் சண்டி மாடாக நின்றுவிடுகிறது, ஏனென்றால் இதற்கு அடுத்தது செவ்வாய்க்கிழமைதான், வேறு வழியே இல்லை.

செவ்வாய்க்கிழமை ஃபேன் காற்று குளிர்ந்ததால் ஒரு போர்வை எடுத்தான். மெல்லிசுப் போர்வை, இடுப்புவரைக்கும்தான். விழித்தபோது முதுகுக்குக் கீழே ஏதோ வழவழவென்று இருந்தது. கையை விட்டுத் தடவினான், மஞ்சள் நாடா. பாதி உடம்பு அந்தப் பக்கம் வந்திருந்தது. பாப்பாவின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் போர்வை இருந்தது. அதைப் பிடுங்குவதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் நடுவே இருந்த நேரம் எவ்வளவு என்று மூன்று நாளாகக் கணக்குப் போடுகிறான். ஒரு விநாடி. அரை விநாடி. போர்வைக்கு அடியில் பாப்பா விழித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. நெற்றியில் முடி வியர்த்து ஒட்டியிருந்தது. அவனைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள், சிரித்தாள். அவன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்று அழுதான். சத்தம் வராமல் அழுதான், ஏனென்றால் ஹாலில் மாமியார். எவ்வளவு நேரமாக அந்தத் துணி அங்கே இருந்தது? இன்னும் பத்து நிமிஷம் தூங்கியிருந்தால்? ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. சொல்லச் சொல்ல அந்த வார்த்தை யார் குரலில் கேட்கிறது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

கூட வேலை பார்க்கிற பொன்னுரங்கத்தின் குரல். பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் இருக்கும், இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும்போது இறங்கிவிடக் கூடாது, அதற்காக. பொன்னுரங்கம் ஒரு பொத்தானில் மரச்சீவலைச் செருகிவைத்து ஒற்றைக் கையால் ஓட்டினான். ஒரு நாள் அச்சு இறங்கி அவன் கையுறையின் நுனியைக் கவ்வியது. கையுறை மட்டும்தான். விரல் இல்லை. "ஒண்ணும் ஆகலயேடா" என்றான். தணிகை அவனோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன். பாதுகாப்புக் குழுவில் உறுப்பினராகவும் இருந்தவன். பச்சை அட்டையில் எழுதிப் பெட்டியில் போட்டான். நியர் மிஸ் என்று அதற்குப் பெயர். அடிபடவிருந்து அடிபடாமல் போனது. மாதாமாதம் மைக் பிடித்து அவனே எல்லோருக்கும் சொல்வான், ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கிற சம்பவத்தைத்தான் முதலில் எழுதவேண்டும், ஆனது தானாகவே எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று. கைதட்டுவார்கள். பொன்னுரங்கத்தைத் தூக்கி ஸ்கிராப் யார்டில் போட்டார்கள். இரண்டு வருஷமாக அவன் தணிகையோடு பேசுவதில்லை. கேண்டீனில் எதிரில் வந்தால் தட்டைப் பார்த்துக்கொண்டு போகிறான். நான் பண்ணியது சரிதான் என்று தணிகை இன்றைக்கும் சொல்வான். சரிதான் என்றால், செவ்வாய்க்கிழமை எழுதவேண்டிய அட்டை எங்கே? மாமியாரைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்துகிறாயே, மஞ்சள் கோடு போட்டவனே, எங்கே? வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. சொன்னால் எடுத்துப் போய்விடுவார்கள். சொல்லாவிட்டால் சுகந்தி நாளைக்கு டாக்டர் முன்னால் அவனுக்காகப் பொய்ச் சாட்சி சொல்வாள், பொய் என்று தெரியாமலே.

சொல்லாமல் இருப்பதற்குத் தண்டனையாக அவனே ஒரு ஏற்பாடு பண்ணிக்கொண்டான். புதன்கிழமையிலிருந்து தூங்குவதில்லை. பாப்பாவுக்குக் கையைக் கொடுத்துவிட்டு இப்படியே ஐந்து மணி நேரம் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு கிடப்பது. போர்வையை மடித்துப் பரண்மேல் போட்டாயிற்று. மாமியார் அழைத்தால் தூங்கி எழுந்த குரலில் பதில் சொல்வது. அது நேற்று ராத்திரி எங்கே கொண்டுபோய் விட்டது? பிரஸ்ஸுக்குள் குனிவதற்கு முன்னால் மெயின் சுவிட்சில் தன் பெயர் போட்ட பூட்டைப் போடவேண்டும், வேறு யாரும் சுவிட்சைப் போட்டுவிடாமல் இருக்க. வேலை முடிந்து கை கழுவும்போது பூட்டு சட்டைப் பையில் கிடந்தது. அரைமணி நேரம் பூட்டாத இயந்திரத்தின் வாய்க்குள் தலையைக் கொடுத்திருக்கிறான். அதற்கும் அட்டை எழுதவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு மரச்சீவல். அவனுக்குக் கோபம் வந்தது. முதலில் தன்மேல், பிறகு டாக்டர்மேல், சுவரில் மல்லாந்து கிடந்த அந்த நீலக்கண்மேலும்கூட. விபத்து நடக்கும் என்றால் ஆளை எடு, இதுதானே அவர்கள் சொல்கிறது? ஆளை எடுத்துவிட்டால் பிரஸ் ரொம்பப் பாதுகாப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு கார் கதவுகூட வெளியே வராது. அவன் கம்பெனியில் எந்த மடையனும் ஆளை எடுப்பதில்லை. தடுப்பு வைப்பார்கள். அசந்துபோகிறவன் அசந்துபோவான் என்று ஒத்துக்கொண்டுதான் இரண்டாவது பொத்தானையே வைத்தார்கள். சரி, இங்கே இரண்டாவது பொத்தான் யார்? சுகந்தி பள்ளிக்கூடத்தில். வீட்டில் விழித்துக்கொண்டிருக்கிற ஆள் ஒருத்திதான். பன்னிரண்டடி தூரத்தில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறாள். மணிக்கு ஒரு தடவை வாசலில் வந்து நிற்கிறாள். நின்று குரல் கொடுக்கிறாள். உள்ளே வருவதில்லை. ஐந்து வாரத்தில் ஒரு தடவைகூட வாசற்படியைத் தாண்டவில்லை. மாப்பிள்ளை படுத்திருக்கிற அறைக்குள் மாமியார் நுழைவதாவது. லுங்கி கட்டிய கால் கண்ணில் பட்டுவிடுமோ என்று பேசும்போதுகூடச் சுவர்க் காலண்டரைப் பார்த்துத்தான் பேசுவாள். அவள் குழந்தையை ஹாலுக்குக் கேட்டது எதற்கு என்று தணிகைக்கு அப்போதுதான் உறைத்தது. பறித்துக்கொள்ள இல்லை. அவள் இருக்கிற இடத்திலிருந்து அவளால் குழந்தையைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். மரியாதை என்று ஒன்று வாசலில் நின்று மறைத்துக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆயிற்றா? அவன் மரத்த கையைப் பார்த்தான். விரலை அசைக்கச் சொன்னான், அது அசையவில்லை. சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினான். விட்டுக்கொடுப்பதில்லை என்றும் கூடவே முடிவு பண்ணினான். இரண்டும் ஒன்றாகப் போகுமா என்று யாராவது கேட்டால், போகும், ஏன் போகாது?

சுகந்தி நாலேகாலுக்கு வந்தாள். பாப்பா அன்றைக்கு இன்னும் எழுந்திருக்கவில்லை. வெளிச்சத்தை உள்ளே விடாமல் கதவை ஒருக்களித்துத் திறந்து, கைப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, பாப்பாவின் கால்மாட்டில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். புடவையில் சாக்பீஸ் தூள்.

"தூங்கினீங்களா?"

"இல்ல. மூணு நாளா தூங்கல" என்றான் தணிகை. படுத்தபடியே, கூரையைப் பார்த்துச் சொன்னான், அப்படித்தான் சொல்ல வந்தது. போர்வை, நாடா, வியர்த்த நெற்றி, சிரிப்பு, எதையும் விடாமல் சொன்னான். பூட்டையும் சொன்னான். சுகந்தி பாப்பாவின் பாதத்தைக் கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எந்தச் செவ்வாய்க்கிழம?"

"இந்தச் செவ்வாய்க்கிழமதான்."

"புதன்கிழம நான் எங்கம்மாகிட்ட சத்தியம் பண்ணேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?"

"சொன்னா பாப்பாவ ஹாலுக்குத் தூக்கினு போயிடுவீங்க."

"போவேன்தான். போகாம?"

"போகக் கூடாது" என்றான். "அதையும் சேத்துத்தான் சொல்றேன். தப்பு நடந்துடுச்சு, ஒத்துக்கறேன். நாளைக்கு டாக்டர்கிட்டயும் நானே சொல்றேன். உங்கம்மாகிட்டயும் சொல்றேன். ஆனா பாப்பா இங்கதான் தூங்குவா. என்ன தடுப்பு வேணுமோ வெக்கலாம். என்னைய எடுக்கற பேச்சு மட்டும் கெடையாது."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அழுவாள் என்றும் எதிர்பார்த்தான். அவள் இரண்டும் செய்யாமல் பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். டைல்ஸ் அறுக்கிற சத்தம் நின்று ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

"நான் ஸ்கூல்ல சேர்றதுக்கு முந்தின வாரம்" என்றாள். "நீங்க ஷிப்ட்ல இருந்தீங்க. படுத்துக்கினு பால் குடுத்தா தூங்கிடுவன்னு டாக்டர் சொன்னாரேன்னு சேர்ல உக்காந்துதான குடுக்கறேன் ராத்திரில. அந்த பிளாஸ்டிக் சேர்ல. முழிச்சுப் பாத்தா மடியில இல்ல."

தணிகை தலையைத் திருப்பினான்.

"என் கால் மேல விழுந்து அங்கேந்து தரைக்கு உருண்டிருக்கா. மொதல்ல அழவே இல்ல. அப்பறந்தான் அழுதா. காதுக்குப் பின்னால வீங்கியிருந்துச்சே, கொசுக்கடின்னு சொன்னனே. நீங்ககூட வேப்பெண்ணெ வாங்கினு வந்தீங்க."

அந்த வீக்கத்தில் அவன் தன் கையாலேயே வேப்பெண்ணெய் தடவியிருக்கிறான். தடவும்போது பாப்பா நெளிந்தாள். கோபப்படலாமா என்று தனக்குள் தேடிப் பார்த்தான், இருந்த கோபத்தையெல்லாம் மத்தியானமே செலவழித்துவிட்டிருந்தான். சொன்னபடி கேட்டவள் மடியிலிருந்து விழுந்திருக்கிறாள், சொன்னபடி கேட்காதவன் போர்வையில் மூடியிருக்கிறான். இருவரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அட்டையை ஒளித்துவைத்துக்கொண்டு ஒருவரையொருவர் நல்லவர் என்று சொல்லித் திரிந்திருக்கிறார்கள்.

"ரெண்டையும் சொல்லலாம் நாளைக்கு" என்றாள் சுகந்தி. "சொல்லிட்டு, தூங்காம புள்ள வளக்கறது எப்படின்னு அவரையே கேக்கலாம். அவருக்கும் ரெண்டு புள்ளைங்களாம்."

பாப்பா அப்போது நெளிந்து உதட்டைப் பிதுக்கினாள். சுகந்தி சேரைத் தேடிப் போகவில்லை. புடவையோடு அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்து மாராப்பை விலக்கினாள். தணிகை கையை உருவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். கைக்குள் ஆயிரம் ஊசிகள் இறங்கின. பாப்பா குடித்தாள், நிறுத்தினாள், மறுபடி குடித்தாள். பிறகு வாய் நழுவியது. அதற்கு முன்பே அம்மா தூங்கியிருந்தாள், வாய் லேசாகத் திறந்து, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல். அவன் கண்ணாடியைக் கழற்றி வைத்தான். மாராப்பை எடுத்துப் போர்த்தி, பாப்பாவின் முகத்தின் பக்கம் போகாமல் மடித்து முழங்கைக்கு அடியில் செருகினான். இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். எழுத்துகள் இரண்டாகத் தெரிகிற மாதிரி அவர்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். கண் செருகியது. ஒன்பதரைக்குப் பஸ். இப்படியே போனால் இன்று ராத்திரி அந்த இயந்திரம் அவனைச் சும்மா விடாது. ஹாலில் சீரியல் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது என்று அப்போதுதான் கவனித்தான்.

ராஜாமணி வாசலில் நின்றாள். பார்வை காலண்டரில் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள், எதிலிருந்து கேட்டாள் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்ட மாதிரிதான் இருந்தது. நசுக்கிட்டீங்களா என்று அவள் கேட்கவில்லை.

"கொழந்தைய எடுத்துக் கட்டில்ல போட்டுடட்டுமா மாப்ள?" என்றாள் காலண்டரிடம். "துணியெல்லாம் எடுத்துட்டேன்."

"வேணாம் அத்தை. உள்ள வாங்க."

"நான் எப்டி..."

"வந்து இங்க உக்காருங்க. சுவத்துல சாஞ்சி."

"நீங்க படுக்கற எடத்துல நான் வந்து உக்காந்தா நல்லாவா இருக்கும்? யாராவது பாத்தா என்னா சொல்லுவாங்க?"

"கேட்டீங்கல்ல நாங்க பேசினத? எனக்குத் தூங்கணும் அத்தை. தூங்கலன்னா இன்னிக்கு வேலையில கை போயிடும். ஆனா எம் பொண்ண விட்டுட்டு ஹால்ல போயி நான் தூங்க மாட்டேன். அவளையும் அனுப்ப மாட்டேன். இன்னிக்கு மட்டும் இல்ல, தெனமும் இதுதான். நாங்க தூங்கறப்ப முழிச்சிருக்க ஒரு ஆள் வேணும். நீங்கதான் இருக்கீங்க."

அவள் முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் மூடிக்கொண்டாள். காலண்டரில் இருந்து பார்வையைப் பிடுங்கி எடுத்து முதல்முறையாகப் பாயைப் பார்த்தாள், பேத்தியை, மகளை, பிறகு கலங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை. வாசற்படியில் வலது காலை வைத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது கால். பிறகு உள்ளே வந்து, சுவரோரம், பாப்பாவின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

தணிகை லுங்கியைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தான்.

"நான் அந்தப் பக்கம் புரண்டா அடிச்சு எழுப்புங்க."

"அத எனக்குச் சொல்லித் தரணுமா" என்றாள் ராஜாமணி. அவன் கண்ணை மூடினான்.